தோண்டிய மண்ணில் ஒரு தடம்

மாரியூர்க் கோயிலில் அம்மனுக்குப் பவளநிறவல்லி என்று பெயர். சுவாமி பூவேந்தியநாதர். சித்திரைத் திருவிழாவில் இங்கே வலைவீசும் படலம் நடக்கும். சிவன் வலைஞனாக வந்து கடலில் வலைவீசிய திருவிளையாடல் கதையை, கடலை வைத்துக்கொண்டே நடத்திக்காட்டுகிற ஊர் இது. அம்மன் பெயருக்கும் ஊருக்கும் பொருத்தம் உண்டு. கோயிலுக்கு எதிரே விரிந்து கிடக்கிற மன்னார் வளைகுடா பவளப்பாறை வளர்கிற கடல்.

கோயிலைத் தாண்டி வாலிநோக்கம் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். தமிழ்நாடு உப்பு நிறுவனம் 1974-இல் தொடங்கப்பட்டது. மாரியூர் - வாலிநோக்கம் உப்பு வளாகம் என்ற பெயரில் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் அதன் கையில் இருக்கிறது. 2014-இல் கடைகளுக்கு வந்த அம்மா உப்பும், 2022-இல் வந்த நெய்தல் உப்பும் அந்த நிறுவனத்தின் சரக்குதான். அளத்து வேலைக்குச் சைக்கிளில் வருகிறவர்களுக்கு வரப்புதான் சாலை. ஓர் ஆள் நடக்கிற அகலம், இரண்டு பக்கமும் பாத்தி. ஒரு பக்கம் சாய்ந்தால் காய்ந்துகொண்டிருக்கும் உப்புநீர், மறுபக்கம் சாய்ந்தால் யாரோ வாரிக் குவித்த உப்பு. ஹேண்டில்பாரில் சாப்பாட்டுத் தூக்கு ஆடும். கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும். காலை ஊன்றாமல், வேகத்தைக் கூட்டாமல், குறைக்காமல் ஓட்டிப் போகத் தெரிந்திருக்க வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் மலை கிடையாது. ஆனாலும் ஒற்றையடித் தடத்தில் சைக்கிளைச் சரித்து நிமிர்த்தி ஓட்டுகிற வித்தை தெரிந்தவர்கள் இங்கே உண்டு.

உப்பளத்துக்குப் போகிற சைக்கிளுக்கு ஆயுள் குறைவு. முதலில் ரிம்மில் மஞ்சளாகத் துருப் பூக்கும். பிறகு கம்பிகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். செயின் இறுகும். பழைய ஆயிலைத் துணியில் தொட்டு அடிக்கடி துடைத்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். வண்டியைத் தின்கிற உப்பு காலையும் கண்ணையும் சும்மா விடுமா? பாதம் வெடித்து, வெள்ளையில் பட்டுத் திரும்புகிற வெயிலில் கண் கூசிப்போனவர்களின் உழைப்புதான் ஒரு கிலோ பாக்கெட்டாக நம் அடுப்படிக்கு வருகிறது.

உப்பளத்தையும் ஒருவகையில் சுரங்கம் என்று சொல்லலாம். மண்ணுக்குள் போகாமல் கடலுக்குள் கைவிட்டு எடுக்கிற சுரங்கம். தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் ஜிப்சம் படியும். கடல்நீரில் மூன்று டிகிரி காட்டுகிற மானி இருபத்தைந்தைத் தொடும்போது உப்பு விளையும். ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி கரையும், வரப்பு உடையும், வேலை நிற்கும். அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. மழை நின்றதும் மறுபடி வரப்பு கட்டி, தரையைக் காலால் மிதித்து இறுக்கி, புதிதாகத் தொடங்குவார்கள். எடுத்த இடத்தைக் கடல் மறுபடி நிரப்பிவிடுகிறது. உலகத்தில் எந்தச் சுரங்கத்துக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை.

அதே கடலில் நடந்த இன்னொரு தோண்டலைப் பார்த்தால் இது விளங்கும். பல பத்தாண்டுகளாகத் தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையைப் பெயர்த்து வள்ளம் வள்ளமாக ஏற்றிவந்தார்கள். சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கார்பைடு ஆலைக்கும் வீட்டுச் சுவருக்கும் அது போயிற்று. 1986-இல் இருபத்தொரு தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 2001-இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பவளப்பாறை என்பது தீவுக்குக் கடல் கட்டிக்கொடுத்த மதில். மதிலை எடுத்தால் அலை நேரே வீட்டுக்குள் வரும். தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி, கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டி என இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன.

மண்ணிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்து முடித்த பிறகு அந்த இடம் என்ன ஆகிறது என்ற கேள்வி அதனால் இந்தக் கரைக்குப் புதிதில்லை. உலகத்தின் வேறு சில மூலைகளில் கொஞ்ச காலமாக இதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது. அது விசித்திரமான பதில். பழைய சுரங்கத்தில் சைக்கிள் ஓட்டுகிறார்கள்.

மலைச் சைக்கிள் என்பது தடித்த டயரும் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங்கும் கொண்ட வண்டி. பாறை, வேர், சரிவு, வளைவு என்று தார்ச்சாலை கண்ணுக்குப் படாத இடத்தில் ஓட்டுவது. நமக்கும் அது முழுக்க அந்நியமில்லை. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி திருவனந்தபுரத்தை அடுத்த பொன்முடியில்தான் நடந்தது. இந்த விளையாட்டுக்குச் சுரங்க ஊர் ஏன் பொருந்தியது என்பதற்குக் காரணம் சிக்கலானதில்லை. சுரங்கம் என்றால் குடைந்த மலை, கொட்டிவைத்த கழிவு மேடு, டிராலி போன பழைய தண்டவாளப் பாதை, தண்ணீர் நிறைந்த பள்ளம். விவசாயம் செய்ய முடியாது, வீடு கட்டப் பயம். வேறு யாரும் கேட்காத நிலம். வேலை போய் இளைஞர்கள் வெளியேறிக்கொண்டிருக்கிற ஊரும் கூடவே இருக்கும். சைக்கிள்காரர்களுக்குச் சரிவு வேண்டும், ஊருக்குப் பிழைப்பு வேண்டும். இரண்டும் ஒரு புள்ளியில் சந்தித்தன.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் டெர்பி என்று ஒரு சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளீயம் கிடைத்து வளர்ந்த ஊர். அங்கே இருந்த பெரிய சுரங்கத்துக்கு பிரைசிஸ் என்று பெயர். 1876-இல் மெல்போர்ன் கோப்பையை வென்ற குதிரையின் பெயர் அது. வெள்ளீயம் தேடி அந்த வட்டாரத்துக்கு வந்தவர்களில் சீனத் தொழிலாளர்கள் ஏராளம். மலையில் அணைகட்டித் தண்ணீரைத் தேக்கி, அந்த வேகத்தால் மண்ணைக் கரைத்து வெள்ளீயத்தைப் பிரித்தார்கள். 1929 ஏப்ரல் 4 அன்று பேய்மழையில் அணை உடைந்தது. பதினான்கு பேர் இறந்தார்கள். 1940-களின் முடிவோடு சுரங்கத்தின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுக்கு மேல் டெர்பியைப் பற்றி வெளியே யாரும் பேசவில்லை.

2015-இல் காட்டுக்குள் முதல் சைக்கிள் தடங்களைத் திறந்தார்கள். அங்கே இருந்த இரண்டு உள்ளாட்சி மன்றங்கள் பொறுப்பேற்க, மத்திய அரசின் பணம் பெரும்பங்கு. இரண்டே ஆண்டில், 2017-இல், என்டியூரோ என்ற மலைச் சைக்கிள் உலகத் தொடரின் ஒரு சுற்று அந்தச் சின்ன ஊரில் நடந்தது. பழைய சுரங்கப் பள்ளம் இன்றைக்கு ஏரி. அதைச் சுற்றி ஒரு தடம் போகிறது. உடைந்த அணையை நினைவூட்டும் பெயரை இன்னொரு தடத்துக்கு வைத்திருக்கிறார்கள். பூட்டிக்கிடந்த வீடுகள் திறந்தன, டீக்கடைகள் வந்தன, வீட்டு விலையும் ஏறியது. விலை ஏறினால் வாடகைக்கு இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது நம் ஊர் மலைவாசத்தலங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்துக் காட்டில் மரம் வெட்டுவது பற்றிய சண்டையும் தொடர்ந்தது. தடத்தை நம்பிப் பிழைக்கிற ஊருக்குக் காடு வேண்டும், மர வியாபாரத்துக்கு மரம் வேண்டும். ஒரு தோண்டல் முடிந்த இடத்தில் இன்னொன்று கதவைத் தட்டுகிறது.

தடம் போடுகிற வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், அதில் நம் உப்பளக்காரர்களுக்குத் தெரியாதது அதிகமில்லை. மலைச்சரிவில் பாதை வெட்டும்போது தடம் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது தண்ணீரை. மழைநீர் தடத்தோடு ஓடினால் ஒரே பருவத்தில் அது ஓடையாகிவிடும். அதனால் தடத்தின் வெளிவிளிம்பைக் கையளவு தாழ்த்துகிறார்கள், தண்ணீர் குறுக்கே கடந்து போய்விடும். நீளமாக ஒரே இறக்கம் வைப்பதில்லை. இடையிடையே ஒரு சின்ன ஏற்றம் வைத்தால் அங்கே தண்ணீர் நின்று வெளியேறும், ஓட்டுகிறவருக்கும் அது ஒரு துள்ளல். வளைவில் வெளிப்பக்கம் மண்ணைச் சரிவாக ஏற்றி, ஈரப்பதம் பார்த்து, அடித்து இறுக்குகிறார்கள். காய்ந்த மண்ணை அடித்தால் பொடியாகும், குழைந்த மண்ணை அடித்தால் ஒட்டிக்கொண்டு வரும். பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதம் வேண்டும். மாரியூரில் வரப்பு போடுகிறவரிடம் இந்தப் பதத்தைக் கேட்டால் அவரும் ஒரு பிடி மண்ணை எடுத்துத்தான் காட்டுவார்.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கயுனா என்ற இரும்புச் சுரங்கப் பகுதி. கைலர் ஆடம்ஸ் என்ற நில அளவையாளரின் திசைகாட்டி அங்கே சரியாக வேலைசெய்யாமல் விலகியது. கீழே இரும்பு இருப்பது அதனால் தெரியவந்தது. அவர் பெயரின் முதல் பாதியையும் அவருடைய நாய் உனாவின் பெயரையும் சேர்த்துக் கயுனா என்றார்கள். 1924 பிப்ரவரி 5 அன்று அங்கே மில்ஃபோர்டு சுரங்கத்துக்குள், மேலே இருந்த நீர்நிலை உடைத்துக்கொண்டு இறங்கியது. நாற்பத்தொரு பேர் மூழ்கினார்கள், ஏழு பேர் ஏறி வந்தார்கள். கிளின்டன் ஹாரிஸ் என்ற தொழிலாளி, தான் ஏறித் தப்பியிருக்கலாம் என்ற நிலையிலும், எச்சரிக்கை ஒலிக்கும் கயிற்றை இழுத்தபடி கீழேயே நின்றுவிட்டார். 1980-களில் சுரங்கங்கள் ஓய்ந்தன. 2011-இல் அந்தச் செம்மண் மேடுகளில் நாற்பது கிலோமீட்டர்த் தடம் திறந்தார்கள். ஓட்டிவிட்டு வருகிறவர்களின் சட்டை முழுக்க இரும்பின் சிவப்பு. தடங்களுக்குப் பக்கத்திலேயே மில்ஃபோர்டு நினைவுப் பூங்கா இருக்கிறது. இறந்த நாற்பத்தொரு பேரின் பெயரையும் அங்கே வாசிக்கலாம். விளையாட வருகிறவரும் அந்தப் பெயர்களைக் கடந்து போகட்டும் என்று ஏற்பாடு செய்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

வேல்ஸ் நாட்டுக் கதை இன்னும் கனமானது. மெர்தர் டிட்வில் நகருக்கு மேலே கெதின் காட்டில் 2013-இல் பைக்பார்க் வேல்ஸ் திறந்தது. பிரிட்டனில் பெயர்பெற்ற மலைச் சைக்கிள் பூங்காக்களில் அது ஒன்று. அதே கெதின் பெயரில் இருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் 1862-இல் வாயு வெடித்து நாற்பத்தேழு பேர் செத்தார்கள், 1865-இல் மறுபடி வெடித்தது. அங்கிருந்து பள்ளத்தாக்கோடு தெற்கே கொஞ்ச தூரம் போனால் அபர்ஃபான். 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் கொட்டிவைத்திருந்த நிலக்கரிக் கழிவு மேடு மழையில் இளகிச் சரிந்து பான்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளியை மூடியது. செத்தவர்கள் 144 பேர், அதில் 116 பேர் குழந்தைகள்.

அதற்குப் பிறகு நடந்தது அதைவிடக் கேவலம். மிச்சம் இருந்த மேடுகளை அகற்றச் சொல்லி ஊர் கெஞ்சியது. சுரங்கம் அரசு வாரியத்தின் கையில் இருந்தது. கடைசியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக ஊர் உலகம் அனுப்பிய நிவாரண நிதியிலிருந்தே ஒன்றரை லட்சம் பவுண்டை எடுத்து மேடகற்றும் செலவுக்கு வைத்துக்கொண்டார்கள். 1997-இல்தான் அந்தத் தொகை திரும்பி வந்தது, வட்டி இல்லாமல். கழிவு மேடு யாருடையது, அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்ற கேள்விக்கு அபர்ஃபானைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஒரு மேட்டின்மேல் சைக்கிள் ஏறுவதற்கு முன்னால் அந்த மேடு நிற்குமா என்று பார்த்தாக வேண்டும். பார்க்க வேண்டியவன் கொட்டியவன்.

அதே வேல்ஸின் வடக்கே பிளைனாய் ஃபெஸ்டினியோக் என்ற ஊரில் வேறு மாதிரி செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல நாடுகளின் கூரைக்குப் பலகைக்கல் அனுப்பிய ஊர் அது. சுற்றிலும் சாம்பல் நிறக் கல்சில்லு மலைகள். அங்கே ஊர்க்காரர்களே ஆன்டுர் ஸ்டினியோக் என்ற லாபநோக்கமற்ற சமூக நிறுவனத்தை ஆரம்பித்து, கல் எடுத்த மலையில் 2012-இல் இறக்கத் தடங்களைத் திறந்தார்கள். வருமானம் ஊருக்குள்ளேயே சுற்ற வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 2021-இல் அந்தப் பலகைக்கல் நிலப்பரப்பு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மேலே சொன்ன எல்லா ஊர்களிலும் இந்த ஊர் செய்ததுதான் நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கிறது. தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் கையில் சாவி இருக்கிறது.

இனி நம் ஆட்கள் தோண்டிய இடத்துக்கு வரலாம். கோலார் தங்கவயல். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பிப் போனவர்கள் இறங்கி வெட்டிய சுரங்கம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரே அப்போது மண்ணெண்ணெய் விளக்கில்தான் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறும். வெடிக்காத நாளில் தூசு நுரையீரலைத் தின்னும். தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளுக்குள்தான் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் தமிழன் இதழ் வாசிக்கப்பட்டது, மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கூடியது. பூமிக்கடியில் இருந்தவர்கள் தலைநிமிர்வதற்கான பாடத்தை அங்கேதான் படித்தார்கள்.

நூற்றிருபது ஆண்டில் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் வெளியே போயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் போன இடத்தில் மிச்சம் நின்றது மேடு. அரைத்த பாறையிலிருந்து சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு, மூன்று கோடி டன்னுக்கும் அதிகம். சயனைடு மேடு என்பார்கள். மழை அரித்த வாய்க்கால்களும் செங்குத்துச் சரிவுகளுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் பாலைவன மலை. கே.ஜி.எஃப். படம் எடுத்தவர்களுக்கு அந்த மேடு பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர் எவருக்கும் அதைப் பார்த்ததும் கால் துறுதுறுக்கும். சரிவு, வளைவு, ஆளில்லாத வெளி, பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர்.

இங்கேதான் டெர்பியும் கயுனாவும் உதவாமல் போகின்றன. கயுனாவின் சிவப்பு மண் துவைத்தால் போகும். தங்கவயல் மேட்டின் மண் மாவுபோல அரைத்த படிகக்கல். காற்று கிளம்பும் மாதங்களில் அது தானாகவே எழுந்து கீழே இருக்கிற வீடுகளுக்குள் இறங்கும். உலை மேலும் விரித்த பாய் மேலும் கொடியில் காயும் துணி மேலும் படியும். சுரங்கத்துக்குள் இறங்கியவரின் நெஞ்சில் அடைந்த அதே தூசு, இறங்காத பேரப்பிள்ளையின் நெஞ்சுக்கும் வருகிறது. ஒரு டயர் தடம் மேட்டின் மேல்தோலைக் கீறினால் அடுத்த காற்றுக்கு அதுவே வாசல். மேட்டை முதலில் மண்போட்டு மூடி, புல்லும் செடியும் பிடிக்கவைத்து, அரிப்பைத் தடுத்து, தண்ணீரைச் சோதித்து, அதற்கும் பிறகுதான் விளையாட்டைப் பற்றிப் பேசலாம். 2024 ஜூனில் கர்நாடக அரசு பதின்மூன்று மேடுகளில், ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலான பரப்பில், மிச்சத் தங்கத்தை மறுபடி பிரித்தெடுக்கச் சம்மதம் சொன்னது. மேட்டை மூடுவதற்கு முன்னால் மேட்டை இன்னொரு தடவை கிளறப்போகிறார்கள். கிளறுகிறபோது எழும் தூசுக்குக் கணக்கு வைப்பது யார் என்பதை முதலில் எழுதிவைக்க வேண்டும்.

அந்த ஊர் ஆட்கள் விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். தங்கம் எடுத்த ஊர் இன்று படுத்து எழுந்திருக்க மட்டும் ஊர். அந்த மேடுகளில் நாளை ஒரு பூங்கா வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், டிக்கெட் கிழிக்கிற வேலை மட்டும் அவர்களுக்கு என்றால் அது நியாயமில்லை. பிளைனாய் ஊர்க்காரர்களைப்போல நிறுவனமே அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு முன்கதை உண்டு. தோண்டிய நிலமும் சைக்கிளும் நம்மிடம் ஒருமுறை சேர்ந்திருக்கின்றன. அது நடந்தது புதுக்கோட்டையில். 1991-இல் அங்கே அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். அந்த மாவட்டத்தில் கல்குவாரிகளில் ஜல்லி உடைத்த பெண்கள் ஒப்பந்தக்காரரிடம் கொத்தடிமைபோலக் கிடந்தவர்கள். குவாரிக் குத்தகையைக் குழுவாக அந்தப் பெண்களுக்கே கொடுத்தார்கள். கல்லை உடைத்தவர் கல்லுக்குச் சொந்தக்காரர் ஆனார். கூடவே எழுத்துப் படித்தார்கள், கூடவே சைக்கிள் படித்தார்கள்.

சைக்கிள் அங்கே சும்மா வரவில்லை. குவாரி இருப்பது ஊருக்கு வெளியே, பஸ் போகாத பொட்டலில். தண்ணீர்க் குடமும் சுத்தியலும் பிள்ளையும் சுமந்து நடந்து போன தூரம் அது. வண்டி வந்ததும் பிள்ளை முன்னால், குடம் பின்னால். பெண்கள் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனதால் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். பாருக்கு மேலே சேலையைச் செருகிக்கொண்டு ஓட்டிப்போன பெண்ணைப் பார்த்துச் சிரித்தவர்களும் கேவலமாகப் பேசியவர்களும் இருந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டையை நிறைத்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி நாட்டுக்குச் சொன்னார். அந்த இயக்கத்தில் சைக்கிள் கற்ற பெண்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள்.

அந்தக் குவாரிப் பாதையில் ஒரு பெண் முதல்முறை ஹேண்டிலைப் பிடித்து, விழுந்து, முழங்கை சிராய்த்து, மறுபடி ஏறிய அந்தச் சில அடிகளை டெர்பியின் எந்த உலகத் தடத்துக்கும் சமமாக வைக்கலாம். இரண்டிலும் உடம்பு அடையும் மகிழ்ச்சி ஒன்றுதான். புதுக்கோட்டையில் அந்த மகிழ்ச்சி குத்தகைக்குப் பிறகு வந்தது. நிலம் கைக்கு வந்தது, பிறகு வண்டி வந்தது. இந்த வரிசை முக்கியம்.

தோண்டி முடித்த நிலத்தை என்ன செய்ய வேண்டும் என்று சட்டம் பேசாமல் இல்லை. சுரங்கத்தை மூடும்போது என்ன செய்வோம் என்ற திட்டத்தைக் குத்தகைதாரர் முன்கூட்டியே தரவேண்டும் என்று விதி இருக்கிறது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போய், எடுத்து முடித்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்துக் கொடுக்க வேண்டும், ஆடுமாடு மேய வேண்டும், அதைக் குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனாலும் நம் மாவட்டங்களில் கைவிட்ட கல்குவாரிக் குட்டையில் குளிக்கப் போன சிறுவர்கள் மூழ்கினார்கள் என்ற செய்தி ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வருகிறது. சுற்றி ஒரு வேலி இல்லை. எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது துருப்பிடித்து விழுந்து கிடக்கிறது. புல்லும் தடமும் பூங்காவும் பிறகு வரட்டும், முதலில் வேலி வேண்டும். குவாரி மூடும் திட்டத்தைக் கிராமசபையில் வாசித்து, அங்கே கல் உடைத்தவர்களின் கையெழுத்தோடு ஏற்க வேண்டும் என்று கேட்பது பெரிய கோரிக்கை இல்லை.

சிறுகச் சிறுகச் சரிசெய்ய முடியும் என்பதற்கும் இந்தக் கடலே உதாரணம். 2002 முதல் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தினர், உயிருள்ள பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் நட்டுவருகிறார்கள். சுருங்கிக்கொண்டே போன வான்தீவைச் சுற்றி 2015-இலிருந்து செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். பவளம் ஓர் ஆண்டில் சில சென்டிமீட்டர்தான் வளரும். வள்ளத்தில் ஒரு நாளில் ஏற்றியதைத் திரும்ப வளர்க்க ஒரு தலைமுறை போதாது. இருந்தும் மூழ்கி மூழ்கி நடுகிறார்கள். இது சைக்கிள் தடத்தைப்போலக் கண்ணுக்குத் தெரிகிற காரியமில்லை. இதற்குக் கோப்பையும் கிடையாது. ஆனால் தோண்டிய இடத்துக்குச் செய்ய வேண்டிய முதல் மரியாதை இந்த மாதிரி வேலைதான்.

பெங்களூரிலும் சென்னையிலும் வார இறுதிகளில் சைக்கிளை வண்டிமேல் கட்டிக்கொண்டு கிளம்புகிற இளைஞர்களிடம் ஒரு வார்த்தை. தங்கவயலுக்குப் போங்கள், தவறாமல் போங்கள். லைன் வீடுகளின் தெருவில் ஓட்டுங்கள், மாரிக்குப்பம் நிலையத்தில் டீ குடியுங்கள், சுரங்கத்தில் இறங்கிய பெரியவர் யாராவது திண்ணையில் இருந்தால் இறங்கிப் பேசுங்கள். சயனைடு மேட்டின்மேல் மட்டும் ஏறாதீர்கள். உங்கள் டயர் கிளப்புகிற தூசு, நீங்கள் ஊர் திரும்பிய பிறகு, அந்தப் பெரியவர் வீட்டுக்குள்தான் போகிறது.